ரம்பம் கோணலாகப் போன மாதங்கள்

இன்றைக்குக் காலையில் கடையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் அந்த வாசனை உள்ளே வந்துவிட்டது. பெட்ரோலும் டூ-டி ஆயிலும் கலந்து எரிகிற புகை, கூடவே பச்சை மரம் அறுபடும் வாசனை. போன வாரம் அடித்த காற்றில் எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை முறிந்து கரண்ட் கம்பிமேல் சாய்ந்திருந்தது. அதை அறுக்க நாலு பேர் வந்திருந்தார்கள். எட்டிப் பார்க்கவேண்டிய அவசியமே எனக்கு இல்லை. மெஷின் ரம்பத்தின் சத்தத்திலேயே தெரிந்தது, செயின் மழுங்கிப்போயிருக்கிறது. என் கடை வாசல்வரை மாவாகத் தூள் பறந்து வந்து கண்ணாடி அலமாரியில் படிந்தது. கூரான செயினாக இருந்தால் மரம் செதில் செதிலாக விழும், தூள் பறக்காது. இதை எனக்குச் சொன்னவன் நீ.

பொறுக்க முடியாமல் போய்ச் சொன்னேன். "செயின் மழுங்கிடுச்சுப்பா. அமுக்காதீங்க, சூடாயிடும். ரெண்டு நிமிஷம் குடுங்க, நான் தீட்டித் தரேன்."

ரம்பத்தை வைத்திருந்தவர் என்னையும் என் கடை போர்டையும் ஒருமுறை பார்த்தார். "பாய், நீ போயி கண்ணாடி வித்துக்கினு இரு. இது இன்னா மூக்குக் கண்ணாடியா?" என்றார். மற்ற மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்துவிட்டுத் திரும்பினேன். நீயாக இருந்தால் அந்த ஆளின் கையிலிருந்து மெஷினைப் பிடுங்கி, பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து தீட்டிக் கொடுத்துவிட்டு, இப்படிப் போட்டுக் கெடுத்ததற்காக அவரைப் பத்து நிமிஷம் திட்டியும் இருப்பாய். எனக்கு அந்தத் தெம்பு கிடையாது. உள்ளே வந்து துணியை எடுத்து அலமாரியைத் துடைத்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே உனக்கு எழுதிவிடவேண்டும் என்று தோன்றிவிட்டது. சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ இந்தக் கடைக்குள் வந்த நாளை எத்தனை தடவை மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஓட்டல் யூனிபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. மாமல்லபுரம் பக்கம் கடற்கரை ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் என்று சொன்னாய். கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை என்றாய். நாற்பத்தைந்தைத் தாண்டிய எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள் என்பதால் நாற்காலியில் உட்காரவைத்து எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தேன். நீ அதை வாங்கித் திருப்பி மேசைமேல் கவிழ்த்து வைத்தாய்.

"எழுத்து எல்லாம் வேணாம் பாய். நான் இன்னா புக்கா படிக்கப் போறேன்?" என்று சொல்லி, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்த்தாய். உள்ளே ஒரு ரம்பச் செயின். "இந்தப் பல்லோட முனை கூரா கீதா, மழுங்கி கீதான்னு எனக்குத் தெரியணும். அதுக்கு இன்னா பவரோ அதைப் போடு."

இருபது வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. கல் நகையைப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து முதலில் நானே அந்தப் பல்லைப் பார்த்தேன். "முனையில வெள்ளையா ஒரு கோடு தெரியுதே," என்றேன். "அதான் மழுங்கல். கூரா இருந்தா அங்க வெளிச்சம் நிக்காது," என்றாய். அன்றைக்கு நான் ஒவ்வொரு பல்லாகப் பார்த்து முடிப்பதற்குள் வாசலில் நாலு வாடிக்கையாளர்கள் காத்திருந்து போய்விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக உன் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜமீலா, "ஞாயித்துக்கிழமையில ஒரு மனுசன் ஓய்வா இருக்கமாட்டானா?" என்று கேட்டாள். இதுதான் ஓய்வு என்று சொன்னால் என் மனைவிக்குப் புரியவா போகிறது?

உனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு புயலில் ஓட்டல் தோட்டத்துச் சவுக்கு மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. அவசரத்துக்கு ஒரு மெஷின் ரம்பம் வாங்கினார்கள். தோட்டக்காரர் ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினார், இரண்டு மணி நேரத்தில் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. பழைய சாமான்களோடு போட்டுவிட்டார்கள். நாளெல்லாம் படுக்கை விரிப்பின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த உனக்கு அந்த மெஷினைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. கேட்டு வாங்கி, அரிசிச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

நான் வந்தபோது அது நூறு துண்டாகச் செய்தித்தாளில் பரப்பிக் கிடந்தது. மூன்று ஞாயிறு போராடினோம். பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டோம். கார்புரேட்டரில் இருந்த மெல்லிய ரப்பர்த் தகடு காய்ந்து விறைத்திருந்ததைக் கண்டுபிடித்தது நான், அந்தப் பெருமையை உன் காலம் முழுக்கச் சொல்லிக் காட்டினேன். ஸ்டார்ட்டர் கயிற்றின் பதினொன்றாவது இழுப்பில் மெஷின் பிடித்தது. ஏதோ வெடித்துவிட்டது என்று ஈரக் கையோடு ஸ்டெல்லா ஓடிவந்து, தன் புருஷனும் ஒரு கண்ணாடிக் கடை பாயும் புகைக்கு நடுவே நின்று கெக்கெக்கே என்று சிரிப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அப்புறம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மரம் அறுக்கிறவர்கள், சவுக்குத் தோப்புக்காரர்கள், ஒருமுறை முட்டுக்காட்டிலிருந்து படகு செய்கிறவர் ஒருத்தர்கூட மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் போகும்போது ஒரு பை நண்டு வைத்துவிட்டுப் போனார், அதைப் பிடித்து உள்ளே போடுவதற்குள் நீ வேலை செய்கிற கொட்டகை முழுக்க ஓடியது. பக்கத்துக் கல்பட்டறையின் வெள்ளைத் தூள் உன் கொட்டகைக்குள் எப்போதும் படிந்துகொண்டே இருக்கும். ஊரில் எல்லா மெஷினுக்கும் ஏர் பில்டர் மரத்தூளால் அடைக்கும், இங்கே வந்தால் மட்டும் கல்தூளால் அடைக்கும் என்று நீ முணுமுணுப்பாய். சர்ச்சிலிருந்து நீ திரும்பியதும் பத்தரைக்கு உட்கார்ந்தால், மதியம் ஸ்டெல்லா மூன்றாவது தடவை கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டோம்.

நீ அரம் பிடிக்கிற முறையை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்றே இழுப்பு. "பிதா, குமாரன், பரிசுத்தாவி," என்று எண்ணுவாய். "சாமி பேரை அரத்துல போட்டுத் தேய்க்காத," என்று ஸ்டெல்லா உள்ளேயிருந்து கத்துவாள். செயினில் பற்கள் ஒன்று வலம், ஒன்று இடம் என்று மாறி மாறி இருக்குமல்லவா, நான் ஒரு பக்கம் தீட்டி முடித்ததும் மறுபக்கத்துக்காக மெஷினையே வைஸ் இடுக்கியில் திருப்பி மாட்டுவேன். நீ மெஷினை அசைக்க மாட்டாய். வலப்பக்கத்துப் பல்லை வலது கையால் தீட்டிவிட்டு, அரத்தை இடது கைக்கு மாற்றிக்கொள்வாய். "மெஷினை இன்னாத்துக்கு சுத்துற பாய்? ஆண்டவன் ரெண்டு கை குடுத்துகீறான்," என்பாய். இரண்டு கையிலும் ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. அது உன் கர்வம். நானும் அதை ரசித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கோணல் என்ற சொல்லை முதலில் கொண்டுவந்தவர் ஏழுமலைதான். திருக்கழுக்குன்றத்தைச் சுற்றி யார் வீட்டில் மரம் அறுக்கவேண்டும் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு மெஷினைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணாத்த, தப்பா நெனைக்காத. நீ தீட்டிக் குடுத்த மெஷினு கோணலா இழுக்குது. நான் நேராத்தான் வெக்கிறேன், அது பாட்டுக்கு ஒரு பக்கமா சாயுது."

"நீ நேரா புடிக்கல," என்றாய்.

"பதினஞ்சு வருசமா புடிச்சிக்கினு கீறேன் அண்ணாத்த."

உனக்கு முகம் சுண்டிவிட்டது. சோதனைக்கு வைத்திருக்கும் வேப்பங்கட்டையை எடுத்துப் போட்டு அறுத்தாய். ஏழுமலை சொன்னது சரி. வெட்டு முகத்தில் என் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு வளைவு.

அங்கே தொடங்கியது நம் கூத்து. செயின் ஓடுகிற இரும்புப் பட்டையின் விளிம்பு ஒருபக்கம் தேய்ந்திருக்கும் என்றாய். தட்டை அரத்தால் சமன் செய்தோம். மறுபடி கோணல். பட்டையைத் திருப்பி மாட்டினோம். கோணல். புதுப் பட்டை வரவழைத்தோம். கோணல். அரம் மட்டமான சரக்கு என்று சந்தேகப்பட்டு வேறு அரம் வாங்கினோம். செயினையே மாற்றினோம், புதிதாக இருக்கும்போது நேராகப் போனது, நீ இரண்டு தடவை தீட்டியதும் கோணலாகிவிட்டது. அதற்குள் ஏழுமலையோடு இன்னும் இரண்டு பேர் அதே புகாரைச் சொல்லிவிட்டார்கள். நீ ஞாயிறு வந்தாலே சிடுசிடுப்பாக இருந்தாய். மாதம் இரண்டு ஓடியிருந்தது.

அப்போதுதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். கடையில் லென்ஸின் கனத்தை அளக்கிற அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு வந்து, செயினின் ஒவ்வொரு பல்லையும் அளந்து தாளில் எழுதினேன். வலப்பக்கம் எல்லாம் ஒரே நீளம். இடப்பக்கம் எல்லாம் அதைவிட நீளமாக இருந்தன. நீ இரண்டு பக்கமும் மூன்று மூன்று இழுப்புத்தான் இழுக்கிறாய், ஒரு பக்கம் இரும்பு தேய்கிறது, மறுபக்கம் சரியாகத் தேயவில்லை. கோணலுக்குக் காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது என்று குதித்தேன். அந்த இடத்தில் வேறு யாராவது, ஒரு தையல்காரரோ ஒரு பஸ் டிரைவரோ உட்கார்ந்திருந்தால் அடுத்ததாக உன் கையைப் பார்த்திருப்பார்கள். நான் கண்ணாடிக் கடைக்காரன். உன் கண்ணைப் பார்த்தேன்.

"உனக்கு இடது பக்கப் பல்லு சரியாத் தெரியல. உன் கண்ணுல சிலிண்டர் பவர் மாறியிருக்கு," என்றேன்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது பாய்."

"தெரியுதுன்னு நீ நெனைக்கிற."

ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். சரியாகவில்லை. சாய்வுக் கோணத்தை மாற்றி இரண்டாவது போட்டேன். வேலை செய்கிற தூரத்துக்கு என்று தனியாக அளந்து மூன்றாவது போட்டேன். நீ மூன்றையும் முனகாமல் மாட்டிக்கொண்டாய். மூன்றாவதைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்கத் தலைவலியோடு உட்கார்ந்து தீட்டினாய். இன்னும் இரண்டு மாதம் அப்படிப் போனது. மொத்தம் நாலு மாதம், நீ மெஷினில் பழுது தேடினாய், நான் உன் கண்ணில் தேடினேன்.

ஸ்டெல்லா ஒருநாள் டீயைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். நீ கொட்டகையில் இருந்தாய். "பாய் அண்ணா, ஒண்ணு சொல்லட்டா? ரெண்டு மாசமா அவருக்குச் சட்டை பட்டன் நான்தான் போட்டுவுடறேன். இடது கையில வெரலு நிக்க மாட்டேங்குதாம். யாருக்கும் சொல்லாதன்னாரு. எனக்கு பயமா கீது அண்ணா."

நான் கொட்டகைக்கு வந்தேன். அரம் உன் இடது கையில் இருந்தது. பிதா, குமாரன் என்று எண்ணிக்கொண்டிருந்தாய். "கையைக் குடு," என்றேன். "இன்னாத்துக்கு?" "குடுய்யா. அமுக்கு." நீ என் கையைப் பிடித்து அமுக்கினாய். விளையாடுகிறாயோ என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கிக்கொண்டிருந்தாய். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கவேண்டிய சதை இறங்கிப்போய்க் குழியாக இருந்தது. அந்தக் கைக்கு எதிரே நாலு மாதம் உட்கார்ந்திருந்தேன். இரும்பை மயிரிழை சுத்தமாக அளந்து தாளில் எழுதிக்கொண்டு அந்தக் கையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சென்னை ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் குத்திச் சோதித்தார்கள். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு, நிதானமாகச் சொன்னார். மூளையிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டு வருகின்றன. கை, பிறகு கால், பிறகு பேச்சு, பிறகு மூச்சு. கொஞ்சம் தள்ளிப்போட மாத்திரை இருக்கிறது, நிறுத்த ஒன்றும் இல்லை. ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள். நீ கேட்டாய், "ஸ்பேர் எதுவும் கெடைக்காதா மேடம்?" அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

நீயும் ஸ்டெல்லாவும் வெளியே போனதும் நான் மட்டும் திரும்பிப் போய், நாலு மாதம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "பெரிய வித்தியாசம் இருந்திருக்காது," என்றார். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றால், சின்ன வித்தியாசம் இருந்திருக்கும் என்றுதானே அர்த்தம்? ஒரு மாதமா? ஸ்டெல்லாவோடு ஒரு கிறிஸ்துமஸா? கேட்க வாய் திறந்தேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஈ.சி.ஆரில் திரும்பி வரும்போது முட்டுக்காடு பாலம் வந்தது. தண்ணீரில் படகுகள் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நீ சொன்னாய், "பார்ட்டு போனா மாத்திரலாம் பாய். கரண்டே வரலைன்னா இன்னா பண்றது?"

என்னென்னமோ செய்தேன். சைக்கிள் கைப்பிடி ரப்பரை அறுத்து அரத்துக்குத் தடிமனான பிடி போட்டுக் கொடுத்தேன். கொட்டகை உத்தரத்திலிருந்து டியூப் ரப்பரைக் கட்டி உன் முழங்கையைத் தாங்கவைத்தேன். தர்காவுக்கு வா என்று கூப்பிட்டேன். "சரி, எங்க ஆளும் பாக்கட்டும், உங்க ஆளும் பாக்கட்டும், யாராவது ஒருத்தர் ஃப்ரீயா இருப்பாங்க," என்று சொல்லிவிட்டு வந்தாய். அங்கே கட்டிய கயிறு உன் மணிக்கட்டில் ஒரு மாதத்தில் தொளதொள என்று ஆகிவிட்டது. அதை நான் இறுக்கிக் கட்டினேன். இன்னொரு மாதத்தில் மறுபடி இறுக்கினேன்.

ஏழுமலைக்குக் கோணலாகப் போகக்கூடாது என்பதற்காக, தீட்டிய செயினை எல்லாம் துடைத்துத் தருகிறேன் என்று கடைக்கு எடுத்துவந்து, இடப்பக்கத்தை உனக்குத் தெரியாமல் நானே திரும்பத் தீட்டினேன். உனக்குத் தெரியாதா என்ன? மூன்றாவது ஞாயிறு நீ வலப்பக்கத்தை மட்டும் தீட்டிவிட்டு, அரத்தைக் கீழே வைத்து, பீடியைப் பற்றவைக்கச் சொன்னாய். இடப்பக்கத்தைத் தொடவே இல்லை. மெஷினைத் திருப்பி மாட்டி என் பக்கத்தைத் தீட்ட ஆரம்பித்தேன். அந்தச் செயினை வாங்கிப் போன ஏழுமலை அடுத்த வாரம் வந்து, "இப்ப நேரா போகுது அண்ணாத்த, இன்னா பண்ண?" என்றார். "பாய் கண்ணாடி போட்டுக் குடுத்தான்," என்று சொன்னாய். நான் அன்றைக்குத் திரும்புகிற வழியில் திருக்கழுக்குன்றத்தில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன். அதை யாருக்கும் சொன்னதில்லை.

அது ஆறேழு வாரம்தான் ஓடியது. பிறகு வலது கையும் விட்டுவிட்டது.

அப்போது ஆரம்பித்தாய் அந்தப் பழக்கத்தை. ஒவ்வொரு ஞாயிறும் நான் வந்து உட்கார்ந்ததும் வலது கையை நீட்டுவாய். நான் பிடித்துக்கொள்ளவேண்டும், நீ அமுக்குவாய். "எப்டி கீது கம்ப்ரஷன்?" என்று கேட்பாய். ஒரு மெஷின் வந்தால் ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பார்ப்போமே, அந்தக் கேள்வி. "போன வாரம் மாதிரியேதான் இருக்கு," என்பேன். "கொறையலையே?" "இல்ல." ஸ்டெல்லாவைக் கேட்கமாட்டாய். அவள் மனசுக்காகச் சொல்லிவிடுவாள் என்பாய். "நீ அளந்து பாக்கறவன் பாய். உன்கிட்டதான் கேக்கணும்."

நான் அளந்து பார்க்கிறவன்தான். கால் பவர் கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிடுகிறவன். உன் முகத்துக்கு எதிரே வந்தபோது என்னால் முடியவில்லை. குளிர்காலம் முடிந்து மாசியும் பங்குனியும் போயின. நீ நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போனாய். ஓட்டலில் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். மெஷின் கொண்டுவருகிறவர்களைக் கொட்டகையில் உட்காரவைத்து, ஜன்னல் வழியாகச் சத்தத்தைக் கேட்டு, "ஐடில் அதிகமா கீது, கொறை," என்று கட்டிலிலிருந்தே சொல்வாய். கடைசியில் அந்தச் சொற்களும் குழற ஆரம்பித்தன. நானும் ஸ்டெல்லாவும் மட்டும்தான் புரிந்துகொள்வோம். கேள்வி மட்டும் நிற்கவில்லை. என் பதிலும் மாறவில்லை.

நீ போனது ஒரு புதன்கிழமை மதியம். நான் கடையில் ஒரு ஸ்கூல் டீச்சருக்கு பிரேமில் லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவிடமிருந்து போன் வந்தது, மூச்சு மட்டும் கேட்டது. லென்ஸைப் பொருத்தி முடித்து, துடைத்து, டீச்சர் மூக்கில் மாட்டிச் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சர்ச்சுக் கல்லறை மண் முழுக்கக் கடல் மணல், வெட்ட வெட்டச் சரிந்துகொண்டே இருந்தது. ஏழுமலை இறங்கி ஓரத்தில் சவுக்குக் கழிகளை வரிசையாக நட்டு மண்ணை நிறுத்தினார்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பாய் அண்ணா, கோணலா போவுதுன்னு மொதல்ல சொன்னாங்களே, அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா?" என்று கேட்டாள். குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. பட்டன் விஷயத்தை மறைத்தது அவளையும் அரித்துக்கொண்டிருந்தது. பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவளும் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தூங்காமல் படுத்திருப்பாளோ, எனக்குத் தெரியாது.

இனிமேல் தள்ளிப்போட முடியாது. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கு வருகிறேன்.

உனக்கு அன்றைக்குக் கையை நீட்ட முடியவில்லை. கண்ணால் உன் வலது கையைக் காட்டினாய். அது போர்வைமேல் கிடந்தது. நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து அதை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், நெற்றியில் நரம்பு புடைத்தது, அமுக்குகிறாய் என்று தெரிந்தது. என் கையில் ஒன்றும் தெரியவில்லை. வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. வெளியே கல்பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நீ காத்திருந்தாய். அந்த நேரத்தைத் தாங்க முடியாமல் நான் உன் விரல்களைச் சேர்த்து என் கையாலேயே அமுக்கினேன். "பாரு, இருக்கே. போன வாரம் மாதிரியேதான்," என்றேன்.

நீ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாய். ஒவ்வொரு சொல்லையும் தனியாக இழுத்து வெளியே கொண்டுவந்தாய்.

"அது... உன்... கை... பாய்."

கோபம் இல்லை உன் கண்ணில். கோபித்திருந்தால் தேவலை. இந்த ஆளிடமிருந்து இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது என்று என்னை விட்டுவிட்ட பார்வை அது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாய். தூங்குகிறாய் என்று நான் எழுந்து வந்துவிட்டேன். நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது.

உன்னைத் தேற்றுவதாக நினைத்து நான் செய்தது என்னவென்று இந்த எட்டு மாதத்தில் புரிந்துகொண்டேன். உண்மை உனக்கு ஏற்கெனவே தெரியும், அது உன் கைதானே. பயத்தைப் பங்குபோட்டுக்கொள்ள ஒரு ஆள் உனக்குத் தேவைப்பட்டது. வாராவாரம் கையை நீட்டி அதைத்தான் கேட்டாய். நான் வாராவாரம் நல்ல சேதி சொல்லி, உன்னைத் தனியாக விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே, நீ கேட்டதற்குப் பதில். குறைந்துகொண்டேதான் இருந்தது. முதல் ஞாயிறே குறைவு, அடுத்த ஞாயிறு அதைவிடக் குறைவு, பங்குனி பாதியிலிருந்து இரண்டு விரலில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு தடவையும் எனக்குச் சரியாகத் தெரிந்தது. எனக்கு பயமாக இருந்தது மச்சான், அதனால்தான் சொல்லவில்லை.